இடைவெளியையும் எழுதியவர்கள்

டோக்கியோவின் அரியாக்கேப் பகுதியிலுள்ள பெரிய கண்காட்சி மண்டபத்தில் 2002 ஆகஸ்டில் கொமிக்கெட் சந்தை கூடியபோது, ஆயிரக்கணக்கான மேசைகளுள் ஒன்றில் ஓர் இறுவட்டு விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தது. 'ஹிகுராஷி நோ நக்கு கொரோ நி' என்பது அதன் பெயர். மாலைநேரச் சில்வண்டுகள் ஒலிக்கும் வேளையில் என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் ரியூகிஷி07 என்ற விசித்திரமான புனைபெயருடைய ஒருவர். அப்போது அவர் ஓர் அரச உத்தியோகத்தர். பாத்திரங்களின் படங்களையும் அவரே வரைந்திருந்தார். கைவிரல்களை வரைய அவருக்கு வராது என்பது இன்றுவரை அவருடைய வாசகர்களிடையே அன்பான பகிடி. பின்னணிக் காட்சிகளுக்குப் புகைப்படங்களையே சற்று நிறம் மாற்றிப் பயன்படுத்தியிருந்தார். அந்த இறுவட்டில் இருந்தது எட்டுப் பாகக் கதையொன்றின் முதற்பாகம் மாத்திரமே. எட்டாம் பாகம் 2006 ஆகஸ்டில்தான் வாசகர் கைக்கு வந்தது.

விசுவல் நாவல் என்று வழங்கப்படும் இவ்வடிவத்தை நாம் காட்சி நாவல் என்று சொல்லிக்கொள்ளலாம். கணினித் திரையில் எழுத்து வரிவரியாக வரும். பின்னால் ஒரு படமும் மெல்லிய இசையும் இருக்கும். விசையைத் தட்டினால் அடுத்த வரி. பொதுவாக இவற்றில் வாசகரே பாதையைத் தெரிவு செய்யும் இடங்கள் உண்டு. ஹிகுராஷியில் அதுவும் கிடையாது. ஒரு புத்தகத்தைப் போலத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசிக்க வேண்டியதுதான். எனவே, இதை விளையாட்டு என்று ஒதுக்கிவிடாமல், தொடர்கதை வரலாற்றின் ஓர் அத்தியாயமாக எடுத்துப் பேசுவதில் எனக்குத் தயக்கமில்லை.

என் கவனத்தை ஈர்த்தது அதன் கால அட்டவணை. கொமிக்கெட் 1975 டிசம்பரில் 32 குழுக்களோடும் சுமார் 700 பேரோடும் தொடங்கியது. தம் செலவில் தாமே அச்சிட்டவற்றைத் தாமே கொண்டுவந்து விற்கும் சந்தை அது. எமது சிறுசஞ்சிகைக்காரருக்கு அந்த மனநிலை விளங்கும். பிற்காலத்தில் இலட்சக்கணக்கானோர் கூடும் இடமாக அது வளர்ந்தது. வருடத்தில் இரண்டு தடவை, ஆகஸ்டிலும் டிசம்பர்க் கடைசியிலும் கூடும். ஆகவே ஹிகுராஷியின் ஆசிரியருக்குத் திகதியைத் தீர்மானிக்கும் உரிமை இருக்கவில்லை. சந்தை கூடும் நாளில் பாகம் தயாராக இருக்க வேண்டும். தவறினால் அடுத்த சந்தைவரை காத்திருக்க வேண்டும். 2002 ஆகஸ்டில் முதலாவது, அதே டிசம்பரில் இரண்டாவது, 2003 ஆகஸ்டில் மூன்றாவது என்று வந்தது. 2003 டிசம்பரில் எதுவும் வரவில்லை. நான்காவது 2004 ஆகஸ்டில் வந்தது. அதன்பின் ஒரு சந்தையும் தவறவில்லை. (மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று அட்டையில் அச்சிட்டுவிட்டு ஐந்தாம் மாதம் வரும் இதழ்களோடு பழகிய நாம், நான்கு ஆண்டில் ஒரேயொரு தவறலை மன்னிக்கலாம்.)

விடியற்காலையில் கதையை நிறுத்திவிடும் ஷஹ்ரஸாதை அறிந்தவர்கள் நாம். ஆனால் அவளுக்கு வாய்த்த இடைவெளி ஒரு பகல் மட்டுமே. அரசன் மறப்பதற்கு முன் இரவு வந்துவிடும். ஆறு மாதம் என்பது வேறு கணக்கு. உச்சத்தில் நிறுத்தும் பழைய தந்திரம் ஆறு மாதத்துக்குத் தாங்காது. ஆவல் முதல் மாதத்திலேயே ஆறிவிடும்.

ரியூகிஷி07 இதற்கு வேறொரு வழி கண்டார். கதை 1983 ஜூன் மாதம் ஹினாமிசாவா என்ற மலைக்கிராமத்தில் நிகழ்கிறது. அணைக்கட்டுத் திட்டமொன்றால் மூழ்கடிக்கப்பட இருந்து, எதிர்த்து நின்று தப்பிய கிராமம். ஆண்டுதோறும் அதே திருவிழா இரவில் ஒருவர் இறக்கிறார், ஒருவர் காணாமற் போகிறார். பெரும்பாலான பாகங்கள் அதே ஜூனில் புதிதாகத் தொடங்கித் தமக்கேயுரிய அவலத்தில் முடிந்துவிடுகின்றன. அடுத்த பாகத்தில் இறந்தவர்கள் உயிரோடு பள்ளிக்கூடம் போகிறார்கள். அதாவது, எந்தப் பாகமும் நடுவழியில் நிற்பதில்லை. வாசகர் கையில் மிஞ்சுவது 'அடுத்து என்ன நடக்கும்' என்ற ஆவலன்று. 'இப்போது நடந்தது என்ன' என்ற குழப்பம். இந்தக் குழப்பம் ஆறு மாதம் தாங்கும். முதல் நான்கு பாகங்களும் வினாக்கள், பின் நான்கும் விடைகள் என்பது ஏற்பாடு.

பாகத்துக்குள்ளும் இதே நிதானம்தான். முதற் பல மணிநேரம் பிள்ளைகள் விளையாடுவதும் ஒருவரையொருவர் கேலி செய்வதுமாகவே போகும். அவசரக்கார வாசகர் சலித்துப்போவார். எனக்கும் இரண்டிடங்களில் கொட்டாவி வந்தது. ஆனால் அந்தச் சிரிப்போடு பழகிய பிறகுதான், அதே சிநேகிதியின் பார்வை ஒரு கணம் மாறும்போது முதுகு சில்லிடுகிறது.

திட்டமிடல் எவ்வளவு தொலைநோக்கானது என்பதற்கு ஓர் உதாரணம். முதற்பாகத்தில், நகரத்திலிருந்து புதிதாக வந்த கேயிச்சி என்ற பையனுக்கு வகுப்புச் சிநேகிதிகள் ஒஹாகி என்னும் அரிசி இனிப்பைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கடிக்கிறான், உள்ளே ஒரு ஊசி. தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று அவன் நம்புகிறான், நாமும் நம்புகிறோம். அந்த நம்பிக்கையின் மேல்தான் முதற்பாகத்தின் கொடிய முடிவு நிற்கிறது. 2005 ஆகஸ்டில் வந்த ஆறாம் பாகத்தில், அதே பயம் வேறொரு பிள்ளையைப் பிடிக்கும்போது, கேயிச்சிக்கு உண்மை நினைவுக்கு வருகிறது. இனிப்பில் ஊசி இருக்கவில்லை. விளையாட்டுக்காக உறைப்புச் சாறு வைத்திருந்தார்கள். மூன்று வருடமாக வாசகர்கள் அந்த ஊசியோடு வாழ்ந்திருக்கிறார்கள், அந்தச் சிநேகிதிகளை வெறுத்திருக்கிறார்கள். முழு நாவலையும் ஒரே வாரத்தில் வாசித்து முடிப்பவருக்கு இது சாமர்த்தியமான ஒரு திருப்பம். மூன்று வருடம் காத்திருந்தவருக்கோ, தான் ஒருவரைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணமே தவறென்று தெரியவரும் இடம். இரண்டாம் பாகத்தின் நிகழ்வுகளை வேறொருவரின் கண்ணால் மறுபடி சொல்லும் ஐந்தாம் பாகமும் சரியாக இரண்டு வருடம் கழித்து, 2004 டிசம்பரில்தான் வந்தது.

இடைவெளியில் வாசகர்கள் சும்மா இருக்கவில்லை. கொலையாளி யார், மனிதரா தெய்வக் குற்றமா என்று வாதாடினார்கள். சரியான விடை காண்போர் நூற்றுக்கு ஒருவரே என்பது விளம்பர வாசகமாகவே இருந்தது. பிந்தி வந்தவர்களையும் அவர் கைவிடவில்லை. புதிய இறுவட்டில் முந்திய பாகங்களையும் சேர்த்தே கொடுத்தார். முதற்பாகத்தைப் பிறகு இலவசமாகவே பெறச் செய்தார். 2006 ஏப்ரலில் தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியபோது மூலக்கதையின் இறுதிப் பாகம் இன்னும் வெளிவந்திருக்கவில்லை.

இவற்றையெல்லாம் நான் தேடிப் படிக்க நேர்ந்தது என் தங்கையின் மகனால். கணினி படிக்கும் பிள்ளை. இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து தமிழில் ஒரு காட்சி நாவல் செய்யப் போகிறாராம். எட்டுப் பாகம், மாதத்துக்கு ஒன்று. கோடு போட்ட தாளில் மாதங்களை எழுதி, பக்கத்தில் யார் படம் வரைவது, யார் இசை என்றெல்லாம் குறித்திருந்தார். "மாமா, ஆக்கள் மறக்க முந்தி அடுத்ததைக் குடுத்திரணும்" என்றார். ஏழாம் பாகத்தில் என்ன வருகிறது என்று கேட்டேன். "அது அப்ப பாப்பம்." திகதிகள் எல்லாம் இருந்தன. எந்த இரகசியம் எந்தப் பாகத்தில் திறக்கும் என்ற நிரல் அந்தத் தாளில் இல்லை. முதலில் அதை எழுதி, வினாப் பாகங்கள் முழுவதையும் முடித்துக் கையில் வைத்துக்கொண்டு முதலாவதை வெளியிடும்படி சொன்னேன். அரைமனதோடு தலையாட்டினார். நான் புத்தகக் காலத்து ஆள் என்பது அவருடைய எண்ணம். அதுவும் பொய்யில்லை.

மாதாந்தம் கொடுப்பதா அரையாண்டுக்குக் கொடுப்பதா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. காத்திருக்கும் வாசகருக்கு எழுதியவர் எதற்குப் பொறுப்புச் சொல்கிறார் என்பதே என் கேள்வி. அடுத்த படைப்பான 'உமினெக்கோ நோ நக்கு கொரோ நி'யில் ரியூகிஷி07 இதை நேரடியாகவே எதிர்கொண்டார். 2007 ஆகஸ்ட் முதல் 2010 டிசம்பர் 31 வரை எட்டுப் பாகங்கள். இம்முறை ஒரு சந்தையும் தவறவில்லை. இரண்டாம் பாகத்தில் ஒரு விதியைக் கொண்டுவந்தார்: சிவப்பு நிறத்தில் வரும் வாக்கியம் எதுவும் உண்மை, அதில் ஐயம் கொள்ளத் தேவையில்லை. ஆறு மாதம் தலையை உடைத்துக்கொள்ளும் வாசகருக்கு ஆசிரியர் கொடுத்த உத்தரவாதச் சீட்டு அது. ஆனால் எட்டாம் பாகத்தில், கொலைகளின் விடையை வெளிப்படையாகச் சொல்ல அவர் மறுத்துவிட்டார். சிலர் அதை உயர்ந்த முடிவு என்றார்கள். பலர் ஏமாற்றப்பட்டதாகக் கோபித்தார்கள். பின்னர் வந்த சித்திரக்கதை வடிவத்தில் விடைகள் தெளிவாகச் சேர்க்கப்பட்டன. கோபித்தவர்கள் பக்கம்தான் நான். மூன்றரை ஆண்டு காத்திருந்தவருக்கு ஒரு கணக்கு ஒப்புவிக்க வேண்டும்.

அமெரிக்காவில் இதைவிடக் கசப்பான ஒன்று நிகழ்ந்தது. கலிபோர்னியாவின் டெல்டேல் நிறுவனம் 'தி வோக்கிங் டெட்' கதையை 2012 ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டுப் பெரும் புகழ் பெற்றது. 2018இல் அதன் இறுதித் தொகுதி நான்கு பாகங்களுக்கும் முன்கூட்டியே பணம் பெற்று விற்கப்பட்டது. இரண்டாம் பாகம் வெளியாவதற்குச் சில நாட்கள் முன்னர், செப்டெம்பரில், நிறுவனம் ஊழியரில் பெரும்பாலானோரை வீட்டுக்கு அனுப்பியது. எஞ்சியதை வேறொரு நிறுவனம் பொறுப்பேற்று 2019 மார்ச்சில் முடித்துவைத்தது.

ஜப்பானியருக்கு இந்தக் காத்திருப்பு புதிதல்ல. கணினிக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்னரே, படமும் எழுத்துமாக மரப்பலகையில் வெட்டி அச்சிட்ட தொடர்நூல்களுக்கு அங்கே பெருங்கூட்டம் இருந்தது. புத்தகம் விலை கூடியது என்பதால், வாடகைப் புத்தகக்காரர் முதுகில் சுமந்துவந்து கொடுப்பதை வாங்கி வாசித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அவற்றுள் பெரியது தகிசாவா பாக்கினின் 'நன்சோ சதோமி ஹக்கென்தென்'. எட்டு வீரர்களின் கதை. 1814இல் முதற்றொகுதி வெளிவந்தபோது பாக்கினுக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசித் தொகுதி 1842இல் வந்தது. மொத்தம் 106 புத்தகங்கள். இடையில் பதிப்பாளர்கள் மாறினார்கள், ஓவியர்கள் மாறினார்கள்.

ஒன்பது தொகுதிகளோடு முடிப்பது அவருடைய திட்டம். கதையோ அடங்கவில்லை. ஒன்பது என்ற எண்ணைக் கைவிடவும் அவருக்கு மனமில்லை. ஒன்பதாம் தொகுதியை மேல், நடு, கீழ் என்று பிரித்தார். பிறகு கீழ்ப்பகுதியையே மேல், நடு, கீழ் என்றார். அதற்குள்ளும் இன்னும் பிரித்தார். முழு நூலில் ஏறத்தாழ அரைவாசி அந்த ஒன்பதாம் தொகுதிக்குள்ளேயே கிடக்கிறது. எழுத்துக் கூலியை நம்பியே சீவித்த மனிதர். எனவே, நீட்டியதற்குச் சோறும் ஒரு காரணம் என்று ஐயுறுபவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த நீட்சிக்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1830களின் நடுப்பகுதியில் ஒரு கண் போயிற்று. 1835இல் மகன் இறந்தார். அந்தத் தசாப்தம் முடிகையில் மற்றக் கண்ணும் மங்கி மறைந்தது. அதன்பின் பாக்கின் வாயால் சொல்ல, மகனின் விதவை மிச்சி எழுதினார். அவருக்குக் கடினமான சீன எழுத்துகள் தெரியாது. ஒவ்வோர் எழுத்தும் எந்தக் கோட்டில் தொடங்கி எப்படி முடியும் என்று பார்வையற்ற மாமனார் சொல்லிக்கொடுக்க, மருமகள் பழகிப் பழகி எழுதினார். இருபத்தெட்டு ஆண்டுகளாக வாசகர்கள் காத்திருந்த முடிவு அவருடைய கையெழுத்துப் பிரதியிலிருந்தே அச்சுக்குப் போனது. நூலின் பின்னுரையில் பாக்கின் தன் பார்வையிழப்பையும் மருமகளின் உழைப்பையும் வாசகருக்குச் சொல்லியிருக்கிறார்.