உத்திரமேரூர்க் கணக்கும் கம்ப்யூட்டர் கையெழுத்தும்



பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், இ-சேவையில் வருமானச் சான்றிதழ் வாங்கினேன். பேனாவில் போட்ட கையெழுத்தே இல்லை. ஓர் இடத்தில் முத்திரை வாங்கிட்டு வா என்று திருப்பி அனுப்பிட்டாங்க. இது செல்லுமா?"

செல்லும். 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறையில் இருக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்கையொப்பத்தைப் பேனாக் கையெழுத்துக்குச் சமமாக ஏற்கிறது. ஆனால் கையெழுத்து என்பதே எதற்கு என்று யோசித்தால், மாகறலில் பஸ் ஏறி உத்திரமேரூர் போய் இறங்க வேண்டியதுதான்.

வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. எல்லோரும் குடவோலையைத்தான் சொல்வார்கள். நானும் வகுப்பில் அதைத்தான் நடத்தினேன், பரீட்சையில் அதுதானே வரும்! ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது கணக்கைப் பற்றிய விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி தேர்வாக முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அதே கதி. (உறவினர்கள் கவனிக்க!) ஊர்க் கணக்கு எழுதியவர் தாமே அதைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். அவர் கணக்கை இன்னொருவர் முடித்துக் கொடுக்கக் கூடாது. அது பிராமணர் சபை. நிலமும் வேதப்படிப்பும் இருந்தவர்களுக்கே அங்கே இடம். அதை மறைத்துப் பெருமை பேச வேண்டாம். விதி நல்ல விதி.

இன்றைய டிஜிட்டல் கையொப்பமும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. ஆவணம் முழுவதையும் கணினி ஒரு சிறு குறியீடாகச் சுருக்குகிறது. அதிகாரியிடம் மட்டுமே உள்ள ரகசியச் சாவியால் அந்தக் குறியீட்டைப் பூட்டுகிறது. அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி யாருக்கும் கிடைக்கும. பின்னால் ஒரு புள்ளியை மாற்றினாலும் குறியீடு பொருந்தாமல் போய்விடும். கையெழுத்துப் போட்டவர் 'நான் போடவில்லை' என்று எளிதில் நழுவ முடியாது.

2020 ஏப்ரல் 24-ல் வந்த இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சிப் பணத்தை விடுவிக்க இந்தக் கையொப்பம்தான். பென்டிரைவ் போன்ற டோக்கனில் சாவி இருக்கும். அந்த டோக்கனையும் பாஸ்வேர்டையும் பொறுப்பிலுள்ளவர் வேறு யாரிடமாவது கொடுத்து வைத்தால், பராந்தகன் காலத்தில் தடுத்த அதே வழி திறந்துவிடும்.

நடுவில் ஒரு காலம் இருந்தது. கிராமக் கணக்கு கர்ணம் வீட்டுப் பெட்டியில் இருக்கும். அடங்கலில் யார் பெயர் ஏறியிருக்கிறது என்று பார்க்க அவர் திண்ணையில் காத்திருக்க வேண்டும். 1980 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று, எம்.ஜி.ஆர். அரசு பரம்பரையாக வந்த அந்தப் பதவிகளை ஒழித்தது. 1982-ல் உச்ச நீதிமன்றமும் அது சரி என்றது. கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள்.

அதே சமயத்தில்தான் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், நம் ஜனங்கள் சொல்லும் யூ.டி.ஆர்., 1979 முதல் 1987 வரை நடந்தது. ஊர் ஊராகப் பட்டா திருத்தினார்கள். அதில் அப்பா பெயர் மாறியது, தம்பி பங்கு அண்ணன் பெயரில் ஏறியது, உட்பிரிவு எண் தவறியது என்று எத்தனையோ வழக்குகள். அந்தப் பதிவுகள்தான் பிறகு கணினிக்குப் போயின. நான் சொல்ல வந்ததே இதுதான். ஆவணத்தை யாரும் மாற்றவில்லை, இன்னார் ஒப்பமிட்டார், இவ்வளவுதான் மின்கையொப்பம் சொல்லும். உள்ளே இருப்பது உண்மையா என்று அதற்குத் தெரியாது. தப்பான பெயருக்கும் அது சரியாகவே விழும்.

இப்போது திண்ணையில் காத்திருக்க வேண்டியதில்லை. சென்னையில் இருப்பவர்களும் போனிலேயே தமிழக அரசின் நில ஆவணத் தளத்தில் பட்டா, சிட்டா பார்க்கலாம். தாத்தா காலத்துப் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், பரப்பு நான்கையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் பெரியவர்கள் இருக்கும்போதே வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள், ஜமாபந்தியிலும் வாங்குவார்கள். பட்டா எண் தெரியாதவர்கள் வீட்டில் பழைய கிஸ்து ரசீது இருக்கிறதா என்று தேடுங்கள், அதில் எழுதியிருக்கும்.