ஒரே மைக்ராஸ்கோப், ஆளுக்கொரு சம்பளம்

அரசு ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் குடுக்கப் போகிற நமக்கு, ஊசி குத்துகிறவர் நிரந்தரமா, தொகுப்பூதியமா, ஒப்பந்தமா என்பது தெரியாது. கோட்டு எல்லாருக்கும் ஒரே வெள்ளைதான். படிப்பும் ஒன்று, வேலையும் ஒன்று. பிறகு சம்பளம் மட்டும் ஏன் வேறு வேறு? இதைத் தேடிப் போனபோது எனக்குப் புரிந்தது இதுதான்: ஒவ்வொரு நோயும் ஒரு திட்டத்தோடு வந்தது, ஒவ்வொரு திட்டமும் தனக்கென ஒரு சம்பளத்தோடு வந்தது.

1953-இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ரத்தத் தடவல் பார்க்கிற வேலை மாநில சுகாதாரத் துறைக்குள்ளேயே வளர்ந்தது. 1992-இல் எய்ட்ஸ் திட்டம். 1997-இல் திருத்தப்பட்ட காசநோய்த் திட்டம். 2005-இல் ஊரக சுகாதார இயக்கம். இவற்றில் பெரும்பாலான ஆட்கள் சங்கங்கள் வழியாக ஒப்பந்தத்தில் வந்தார்கள். 2020-இல் கொரோனா. மறுபடியும் தற்காலிக ஆட்கள்.

காசநோய்க் கணக்கைப் பார்ப்போம். லட்சம் பேருக்கு ஒரு சளிப் பரிசோதனை மையம் என்பது விதி. 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேர், அரியலூரில் 7,54,894 பேர். அப்படியானால் அங்கே ஐந்தாறு, இங்கே ஏழெட்டு. அந்த மையத்தில் உட்கார்ந்திருப்பவர் சாயமேற்றிய ஸ்லைடில், நீலப் பின்னணியில் சிவப்பாகத் தெரியும் கிருமியைத் தேடுகிறார். நூறு இடங்களைப் பார்த்த பிறகுதான் ‘இல்லை’ என்று எழுத முடியும். நிரந்தரக்காரருக்கு நூறு, ஒப்பந்தக்காரருக்கு ஐம்பது என்று யாரும் சொல்லவில்லை.

இதோடு மூன்று இயக்ககங்கள் வேறு. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறைக்குக் கீழே, மாவட்டத் தலைமை மருத்துவமனை ஊரக நலப்பணிகளுக்குக் கீழே, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்விக்குக் கீழே. திருச்சியிலிருந்து 1995-இல் பெரம்பலூர் பிரிந்தது. அரியலூர் 2001-இல் தனியாகி, அடுத்த வருஷமே திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007-இல் மறுபடி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பக்கத்துப் பக்கத்து ஊர்தான், ஆனால் இரண்டு ஊர்ப் பெரியாஸ்பத்திரிக்கும் கோப்பு போகிற மேசை வேறு.

சட்டம் என்ன சொல்கிறது? சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசியலமைப்பின் 39(ஈ) பிரிவில் இருக்கிறது. 1982-இல் டெல்லி போலீஸில் டிரைவராக இருந்த ரந்தீர் சிங் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு உயிர் கொடுத்தது. 2006-இல் உமாதேவி வழக்கு, முறையான தேர்வில்லாமல் வந்தவர்கள் பணி நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்றது. 2016 அக்டோபரில் ஜக்ஜித் சிங் வழக்கு இரண்டையும் பிரித்தது. நிரந்தரம் வேறு கேள்வி, சம்பளம் வேறு கேள்வி. அதே வேலையைச் செய்கிற தற்காலிகப் பணியாளருக்கு நிரந்தரப் பணியின் குறைந்தபட்ச ஊதியமாவது தரவேண்டும் என்றது தீர்ப்பு.

தமிழ்நாட்டில் இந்தச் சண்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்கள் செவிலியர்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி 2015-இல் வந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். பின்வாசல் வழியாக வந்தவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் திரண்டபோதுதான், அந்தத் தொகை பலருக்கு முதல்முறையாகத் தெரியவந்தது. ஆய்வக நுட்புநர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஒரு சுகாதார நிலையத்துக்கு ஒருவர், சிலசமயம் அதுவும் இல்லை. அவர் ஒருநாள் வேலையை நிறுத்தினால் அது போராட்டமாகத் தெரியாது, ‘இன்னைக்கு லேப் இல்ல, நாளைக்கு வாங்க’ என்றுதான் தெரியும்.

அரசுத் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு: திட்டப் பணம் டெல்லியிலிருந்து வருகிறது, திட்டம் முடிந்தால் பதவியும் முடியும். ஆனால் 1997-இல் தொடங்கிய திட்டம் பேர் மாறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு இருபத்தைந்து வயதில் சேர்ந்த ஒருவருக்கு இப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். எதைத் தற்காலிகம் என்கிறோம்?

2021-இல் வந்த துணைநிலை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டம் ஆய்வகப் பணியை ஒரு தொழிலாக அங்கீகரித்து, படிப்புக்கும் பதிவுக்கும் வழி செய்தது. சம்பளம் அதன் வேலை இல்லை. அதனால் அந்தக் கணக்கு அப்படியே நிற்கிறது. லேப்பிலிருந்து வருகிற சீட்டை நம்பித்தான் டாக்டர் ஆறு மாத மாத்திரையை எழுதுகிறார். சீட்டில் கையெழுத்துப் போட்டவர் எந்தத் திட்டத்து ஆள் என்று அவர் கேட்பதில்லை.