அரிசி மண்டி அம்பாஸடர்

திண்டிவனத்தில் அரிசி மண்டி வைத்திருக்கும் முதலாளி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வருஷம் 1970. வாசலில் ஒரு அம்பாஸடர். திங்கட்கிழமை நெல் விலை பேச ஜி.எஸ்.டி. ரோட்டில் விழுப்புரம் போகிறது. (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு சார்! வரி வந்தது 2017-ல்தான்.) அமாவாசை என்றால் அதே வண்டி குடும்பத்தோடு மேல்மலையனூர் போகிறது. வருஷக் கடைசியில் கணக்குப்பிள்ளை பெட்ரோல், ரிப்பேர், டிரைவர் சம்பளம் எல்லாவற்றையும் ‘கார் செலவு’ என்று பேரேட்டில் ஏற்றி, லாபத்தில் கழித்துவிடுவார். வருமான வரி ஆபீசர் விடுவாரா?

‘முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே’ செய்த செலவைத்தான் கழிக்கலாம் என்றது 1961-ம் வருஷச் சட்டத்தின் 37-வது பிரிவு. இது இங்கே பிறந்த வாசகம் இல்லை. 1842-ல் இங்கிலாந்து போட்ட வருமான வரிச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்போது ஏது மோட்டார் கார்? குதிரை வண்டிக் காலம்!

ரிப்பேர், இன்ஷூரன்ஸ், தேய்மானத்துக்கு 38-வது பிரிவு கொஞ்சம் இறங்கி வந்தது. பாதி தொழில், பாதி வீடு என்று ஓடும் வண்டிக்கு ‘நியாயமான பங்கு’ உண்டு. எது நியாயம்? அதை ஆபீசர் முடிவு செய்வார்! ஐந்தில் ஒன்று, நாலில் ஒன்று என்று வெட்டுவது வழக்கமாகிப் போனது. கார் செலவு 5,000 ரூபாய் என்றால் 1,000 ரூபாய் சொந்த உபயோகம். அந்தக் கணக்கு சட்டத்தில் எங்கும் இல்லை.

கார் என்றாலே ஆடம்பரம் என்று டெல்லி நினைத்த காலம் அது. 1967 மார்ச்சுக்குப் பிறகு வாங்கிய காருக்கு, விலை எவ்வளவானாலும் 25,000 ரூபாய் வரைதான் தேய்மானம். 1975-ல் இந்த உச்சவரம்பு போனது. ஆனால், அந்த வருஷம் பிப்ரவரி 28-க்குப் பிறகு வாங்கிய வெளிநாட்டுக் காருக்குத் தேய்மானமே கிடையாது என்றார்கள். அது நீங்க 2001 ஏப்ரல் ஆனது. நடுவே 1983-ல் பிரணாப் முகர்ஜி பட்ஜெட்டில் இன்னொரு கத்தி: கார், விளம்பரம், ஹோட்டல் செலவுகள் சேர்ந்து லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 20 சதவிகிதம் வெட்டு. 1985-ல் வி.பி.சிங் அதை எடுத்தார். மண்டிக்காரருக்கு இதில் பெரிய லாப நஷ்டம் இல்லை. அவர் செலவு லட்சத்தைத் தொட்டால்தானே!

அவரைக் கடிக்கிற விஷயம் வேறு. 2002-ம் வருஷத் தீர்ப்புத் தொகுப்பில் வந்த சயாஜி அயர்ன் வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம் சொன்னது இது: கம்பெனி என்பது உயிருள்ள ஆள் இல்லை, அதற்குச் சொந்த உபயோகம் என்று ஒன்று இருக்க முடியாது. ஆக, டைரக்டர் கம்பெனி காரில் கோயிலுக்குப் போனால் கம்பெனி கணக்கில் வெட்டு இல்லை. மண்டிக்காரர் போனால் ஐந்தில் ஒன்று காலி. சட்டப்படி சரியாக இருக்கலாம். எனக்கென்னவோ உறுத்துகிறது.

2010-11 கணக்கு வருஷத்திலிருந்து சின்ன வியாபாரிகளுக்கு 44-ஏடி பிரிவு விரிந்தது. விற்பனையில் 8 சதவிகிதம் லாபம் என்று காட்டிவிட்டால் பேரேடு வேண்டாம். ஆனால் கார் செலவைத் தனியாகக் கழிக்கவும் முடியாது. பேரேடே போதும் என்பவருக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு உதவும். தேதி, போன ஊர், பார்த்த ஆள், ஓடிய கிலோமீட்டர். மேல்மலையனூரையும் மறைக்காமல் எழுத வேண்டும். அப்போதுதான் விழுப்புரத்தை ஆபீசர் நம்புவார்.