நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தை

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், நியூரம்பெர்க் நகரின் ஹௌப்ட்மார்க்ட் சதுக்கத்தில் ஆண்டுதோறும் கூடும் பண்டிகைச் சந்தை. கிறிஸ்ட்கிண்டில்ஸ்மார்க்ட் என்பது உள்ளூர்ப் பெயர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதலாவதற்கு முன்வரும் வெள்ளியன்று தொடங்கி, டிசம்பர் 24 அன்று முடிகிறது. இதன் மிகப் பழைய சான்று அரசாணையோ வரிக்கணக்கோ அன்று; இந்தச் சந்தையை ஒட்டி அனுப்பிய பரிசு என்று எழுதி, 1628ஆம் ஆண்டைக் குறித்த ஒரு மரப்பெட்டி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சதுக்கத்தை விட்டு நகர்த்தப்பட்ட சந்தையை 1933இல் நாஜிகள் தங்கள் பிரசாரத்துக்காக அங்கேயே மீட்டுவந்தனர். போரால் நின்றுபோய், குண்டுவீச்சில் இடிந்த நகரில் 1948இல் மீண்டும் கூடியது.

சிவப்பு வெள்ளைக் கோடிட்ட துணிக்கூரை வேய்ந்த மரக்கடைகளில் லெப்கூகன் எனும் மசாலா கேக், உலர்ந்த பிளம் பழங்களால் செய்த பொம்மைகள், ரொட்டிக்குள் மூன்றாக வைத்துத் தரும் விரலளவு சுட்ட சாசேஜ், பட்டை கிராம்பு சேர்த்துச் சூடாக்கிய ஒயின் ஆகியவை விற்கப்படுகின்றன. ஒயின் கோப்பைக்கு முன்பணம் கட்ட வேண்டும். கோப்பையைத் திருப்பித் தராமல் நினைவுப்பொருளாகக் கொண்டுபோவோரும் உண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை தேர்வாகும் நகரத்து இளம்பெண் ஒருத்தி, பொன்முடியுடன் கிறிஸ்ட்கிண்ட் எனும், குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவரும் தேவதையாக வேடமிட்டு, ஃபிரௌவன்கிர்ஹெ தேவாலய மாடத்திலிருந்து தொடக்கக் கவிதை வாசிக்கிறாள். வார இறுதி மாலைகளில் நெரிசல் மிகுதி; பொருள்களை நின்று பார்த்து வாங்க வார நாள் காலையே ஏற்றது.