பங்காக் கயிறும் மின் ஆளியும்

சரித்திரம் என்றதும் அரசர்களின் வரிசையும் போர்க்களங்களின் ஆண்டுகளுமே நம் மாணவர் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நாம் அமர்ந்திருக்கும் அறையின் கூரையைச் சற்றே அண்ணாந்து பார்த்தால், அங்கேயும் ஒரு சரித்திரம் சுழன்றுகொண்டிருப்பதைக் காணலாம். நடுவில் விளக்குப் பொருத்திய ஒரு மின்விசிறி. சுவரிலே இரண்டு ஆளிகள். ஒன்றைத் தட்டினால் காற்று. மற்றொன்றைத் தட்டினால் வெளிச்சம். விரல் நுனியின் வேலையாக இன்று தோன்றும் இது, ஒரு காலத்தில் ஒரு முழு மனிதனின் பகலையும் இரவையும் விழுங்கிய வேலை. அம்மனிதன் யார்? அவன் எவ்வாறு மறைந்தான்? அவனுடைய இடத்திற்கு வந்தவர் யார்? இவ்வினாக்களையே இங்கு நாம் ஆராய விரும்புகிறோம்.

கையால் வீசும் விசிறி மிகப் பழமையானது. ஆனால் கூரையிலிருந்து தொங்கும் பெரிய துணிச்சட்டமாகிய பங்கா, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் வாழ்ந்த ஐரோப்பியரிடையே பரவலாயிற்று. பின்னர் ஆட்சியாளர் சென்ற இடமெங்கும் அதுவும் சென்றது. மாளிகைகள், படைவீடுகள், கச்சேரிகள், தேவாலயங்கள் எங்கும் பங்கா அசைந்தது. அதன் அமைப்பு மிக எளியது. சட்டத்திலே கட்டிய கயிறு ஒரு கப்பியின் மேலாகச் சென்று, சுவரிலிட்ட துளையின் வழியே விறாந்தைக்குப் போகும். அங்கே தரையில் அமர்ந்திருக்கும் ஒருவன் அக்கயிற்றை இழுப்பான், தளர்த்துவான், மீண்டும் இழுப்பான். கை சோர்ந்தபோது கயிற்றைக் காலிற் கட்டிக்கொண்டு இழுப்பதும் உண்டு.

அந்தத் துளையை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். காற்று அறைக்குள்ளே வேண்டும். காற்றைத் தருபவன் அறைக்குள்ளே வேண்டாம். அவனுடைய வியர்வையும் மூச்சும் பார்வையும் துரையின் உறக்கத்தைக் கலைக்கக் கூடாது. எனவே உழைப்பு மட்டும் கயிற்றின் வழியே உள்ளே வந்தது. உழைத்தவன் வெளியே நின்றான். குடியேற்ற ஆட்சியின் பொருளாதாரத்தை விளக்குவதற்கு இதைவிடத் தெளிவான படம் ஒன்று கிடைத்தல் அரிது.

இந்த ஏற்பாட்டில் உழைத்தவன் நினைவுக்கு வந்த ஒரே நேரம், விசிறி நின்ற நேரமேயாகும். கோடை இரவில் களைத்துப் பங்கா இழுப்பவன் கண்ணயர்ந்தால் வசையும் உதையும் கிடைத்தன. அவ்வாறு உதைபட்டு உயிரிழந்தவர்களின் கதைகள் அக்கால நீதிமன்றப் பதிவுகளில் இடம்பெற்றுள்ளன. மலேரியாவினால் இறந்தவனின் மண்ணீரல் முன்னரே வீங்கியிருந்தது, ஆதலால் அடித்தவன் கொலைகாரன் அல்லன் என்ற வாதம் அவ்வழக்குகளில் மீண்டும் மீண்டும் எழுந்தது. வேலையாட்கள் பற்றிய பிற வழக்குகளிலும் இதுவே நிகழ்ந்தது. 1876இல் பெருஞ் சர்ச்சைக்குள்ளான ஆக்ரா வழக்கில், தன் குதிரைக்காரனை அடித்து அவன் சாவுக்குக் காரணமான ஆங்கிலேய வழக்கறிஞனுக்கு விதிக்கப்பட்ட தண்டம் 30 ரூபா. அரசப் பிரதிநிதியாகிய லிற்றன் பிரபுவே அத்தீர்ப்பைக் கண்டிக்க நேர்ந்தது. நீதிமன்றத்தினுள்ளும் பங்கா ஆடிக்கொண்டிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. ஈ. எம். ஃபோஸ்ரர் 1924இல் வெளியிட்ட ‘எ பாசேஜ் ரு இந்தியா’ என்னும் நாவலில், வழக்கு முடிந்து யாவரும் கலைந்த பின்னரும், எதுவும் அறியாதவனாய்க் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு பங்காக்காரனைக் காட்டுகிறார்.

மனிதக் கைக்குப் பதிலாகப் பொறியொன்றை அமைக்கும் எண்ணம் அக்காலத்தில் எவருக்கும் தோன்றவில்லையா? தோன்றியது. இந்தியாவின் முதற் காப்புரிமைச் சட்டம் 1856இல் நிறைவேறியது. அதன்கீழ் முதன்முதலாக விண்ணப்பித்தவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஜோர்ஜ் அல்பிரட் டிபெனிங் என்னும் பொறியியலாளர். அவர் உரிமை கோரிய கண்டுபிடிப்பு, பங்கா இழுக்கும் இயந்திரம்! ஆயினும், அதன் பின்னர் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் கயிறு மனிதர் கையிலேயே இருந்தது. காரணம் அறிவின் குறைவன்று, கூலியின் குறைவு. மனிதக் கை மலிவாகக் கிடைக்கும்வரை பொறிக்குப் பணம் செலவிட எந்த முதலாளியும் முன்வருவதில்லை. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் கார்ல் மார்க்ஸ் இவ்வுண்மையை எடுத்துக் காட்டினார். இயந்திரங்களின் தாயகமான இங்கிலாந்திலேயே கால்வாய்ப் படகுகளை இழுப்பதற்குக் குதிரைகளுக்குப் பதிலாகச் சில வேளைகளில் பெண்கள் பயன்படுத்தப்பட்டதை அவர் அங்கே சுட்டுகிறார்.

மாற்றம் மின்சாரத்தோடு வந்தது. 1882இல் எடிசனின் பேர்ள் வீதி மின்நிலையம் நியூயோர்க்கில் இயங்கத் தொடங்கியது. அதே காலத்தில் அமெரிக்கரான ஸ்கைலர் வீலர் மேசை விசிறியை அமைத்தார். சிங்கர் தையல் இயந்திரத் தொழிற்சாலையில் பணியாற்றிய, ஜேர்மனியிற் பிறந்த பிலிப் டீல், தையல் இயந்திரத்துக்கான மின்மோட்டரிலே அலகுகளைப் பூட்டிக் கூரையில் தொங்கவிட்டார். பின்னர் அதனோடு விளக்கையும் இணைத்தார். இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜோன் ஹென்றி ஹோம்ஸ் 1884இல் விரைவாகத் துண்டிக்கும் ஆளியைக் கண்டுபிடித்தார். ஆளியின் முனைகள் மெதுவாகப் பிரிந்தால் இடையே தீப்பொறி நீண்டு உலோகத்தை எரிக்கும். வில்லின் விசையால் அவை சட்டெனப் பிரிவதற்கு அவர் வழி செய்தார். சுவரிலிருந்து நாம் கேட்கும் ‘டக்’ என்ற ஒலியின் பிறப்பு இதுவே. 1899இல் கல்கத்தாவின் இமாம்பாக் ஒழுங்கையில் மின்நிலையம் இயங்கத் தொடங்கியபின், பங்காக்களின் இடத்தை மின்விசிறிகள் படிப்படியாகப் பிடித்தன. துளை வழியே சென்ற கயிற்றின் இடத்தில் சுவர் வழியே கம்பி சென்றது.

பங்காக்காரனுக்கு விடுதலை கிடைத்தது என்று நாம் மகிழலாமா? அடியிலிருந்து கிடைத்தது, ஆனால் அரைவயிற்றுக் கஞ்சிக்கு வழிசெய்த கூலியும் அதனோடு போயிற்று. அவனை விடுவித்தது கருணையன்று, கணக்கு. கணக்கினால் விடுவிக்கப்பட்டவனுக்கு மறுநாள் உணவுக்கு எவரும் பொறுப்பாளியல்லர்.

இனி, அக்கம்பியின் வழியைப் பார்ப்போம். விசிறியும் விளக்கும் தனித்தனியே இயங்க வேண்டுமாயின், சுவரிலுள்ள ஆளிகளிலிருந்து கூரைக்கு இரண்டு கம்பிகள் செல்லுதல் வேண்டும்: ஒன்று விசிறிக்கு, மற்றொன்று விளக்குக்கு. ஒரே கம்பியை இரண்டுக்கும் பொதுவாக்கினால் இரண்டும் ஒன்றாகவே இயங்கும், ஒன்றாகவே நிற்கும். மின்னோட்டம் திரும்பிச் செல்லும் நொதுமல் கம்பி ஆளியைத் தொடாமல் கூரைக்கு நேரே போகும். விசிறியின் உலோக உடல் புவிக்கம்பியோடு இணைக்கப்படும். விளக்கை மட்டும் தாங்குவதற்கென அமைந்த கொளுக்கி, சுழன்று அதிரும் விசிறியின் பாரத்தைத் தாங்காது. அதற்குக் கூரை வளையிலேயே உறுதியான பிடி வேண்டும்.

இவற்றுள் தலையாய விதி ஒன்றுண்டு: ஆளி உயிர்க்கம்பியிலேயே அமைதல் வேண்டும். தவறி நொதுமல் கம்பியில் அமைத்தாலும் தட்டியதும் விசிறி நிற்கும், விளக்கு அணையும். கீழே அமர்ந்திருப்பவருக்கு எவ்வித வேறுபாடும் தெரியாது. ஆனால் 230 வோல்ற்று அழுத்தம் கூரையிலே காத்திருக்கும். ஏணியில் ஏறி மின்குமிழை மாற்றும் தொழிலாளியின் கை அதைத் தொடும்போதுதான் பிழை வெளிப்படும். ஆளி சரியாக அமைந்த வீட்டிலும் பிரதான ஆளியை நிறுத்திய பின்னரே எவரும் ஏற வேண்டும் என்பது இதனாலேயே. கீழே சுகம் அனுபவிப்பவனுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டு அமைப்புகள், மேலே உழைப்பவனுக்கு உயிரும் மரணமுமாகப் பிரிகின்றன. உழைப்பவனின் பாதுகாப்பு விறாந்தைக் காலத்தில் துரையின் மனப்பாங்கைப் பொறுத்திருந்தது. இன்று சட்டத்தையும் முறையான பயிற்சியையும் பொறுத்திருக்கிறது. இது முன்னேற்றமே. ஆனால் செலவைக் குறைப்பதற்காகப் பயிற்சியற்ற இளைஞனை நாட்கூலிக்கு ஏணியில் ஏற்றும் இடமெங்கும், பழைய விறாந்தை மீண்டும் திறக்கப்படுகிறது எனலாம்.

கம்பியை இன்னும் பின்தொடர்ந்தால் நம் நாட்டின் மலைகளுக்கே போய்ச் சேருவோம். மலையாறுகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதை டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் பொறியியலாளர் சபை முன்னிலையில் எடுத்துரைத்தார். 1950இலேயே லக்சபானா நிலையம் இயங்கத் தொடங்கியது. 1960களில் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. மலையிலிருந்து இறங்கிய மின்சாரம் கொழும்பின் கந்தோர்களில் விசிறிகளைச் சுழற்றியது. ஆனால் அதே மலைகளிலே, மின்கம்பிகள் தலைக்கு மேலே செல்லத் தோட்டத் தொழிலாளரின் லயன் அறைகளில் மண்ணெண்ணெய் விளக்கே நெடுங்காலம் எரிந்தது. கயிற்றின் ஒரு முனையில் இருந்தவனுக்கு மறுமுனையின் காற்று கிடையாது என்ற பழைய நியதி, கயிறு கம்பியான பின்னரும் எளிதில் மாறிவிடவில்லை.

ஆகவே மின்விசிறியைப் பழித்துப் பங்காக் காலத்திற்குத் திரும்புவது நம் நோக்கமன்று. மனிதக் கையிலிருந்து அந்தக் கயிற்றை விடுவித்த விஞ்ஞானம் போற்றத்தக்கது. ஆனால் பொறி தானே நீதி வழங்குவதில்லை. அது மிச்சப்படுத்தும் உழைப்பு யாருக்கு ஓய்வாகிறது, யாருக்கு வேலையின்மையாகிறது என்பதைச் சமுதாய அமைப்பே தீர்மானிக்கிறது. அவ்வமைப்பை மாற்றும் பொறுப்பு மனிதருடையது.

நம் பாடசாலைகளில் மின்சுற்றைப் பௌதிக ஆசிரியர் கரும்பலகையில் வரைகிறார்; மின்கலத்தில் தொடங்கி மின்கலத்தில் முடிக்கிறார். அப்படத்தைச் சரித்திர ஆசிரியரும் எடுத்துத் தொடரட்டும். ஆளியிலிருந்து கூரைக்கும், கூரையிலிருந்து மின்நிலையத்திற்கும், அங்கிருந்து அணையைக் கட்டியவர்களுக்கும் மாணவர் கோடு இழுக்கட்டும். கோட்டின் ஒவ்வொரு முனையிலும் நிற்கும் மனிதனுக்கு என்ன கூலி, என்ன பாதுகாப்பு, அவன் வீட்டில் என்ன விளக்கு என்று அவர்கள் வினவட்டும்.