முதல் காரைச் செய்தவர் யார்? கலைக்களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்ட ஒரு பெயர்

1940 ஜூலை 4 அன்று நாஜி ஜெர்மனியின் பிரச்சார அமைச்சகம் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தின் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பியது. மேயர், புரோக்ஹவுஸ் ஆகிய இரு பெரும் ஜெர்மன் கலைக்களஞ்சியங்களும் மோட்டார் காரை உருவாக்கியவராக இனி சீக்ஃபிரீட் மார்க்குஸைக் குறிப்பிடக் கூடாது. கோட்லீப் டைம்லர், கார்ல் பென்ஸ் ஆகியோரையே குறிப்பிட வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம். பிரான்சு வீழ்ந்து இரண்டு வாரம்கூட ஆகாத வேளை அது. பெரும்போருக்கு நடுவே, இறந்து 42 ஆண்டுகளான ஒரு பொறியாளரின் பெயரை நீக்குவதற்கு ஓர் அரசு நேரம் ஒதுக்கியது. காரணம் ஒன்றே: மார்க்குஸ் யூதர்.

மார்க்குஸ் 1831இல் வட ஜெர்மனியின் மால்கின் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெர்லினில் சீமென்ஸ்-ஹால்ஸ்கே நிறுவனத்தில் தொழில் பயின்றபின் 1852இல் வியன்னாவில் குடியேறி, இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார். தந்திக் கருவிகள், மின் பற்றவைப்பு முறைகள், விளக்குகள் எனப் பல துறைகளில் காப்புரிமைகள் பெற்றார். 1870 வாக்கில் ஒரு சாதாரணக் கைவண்டியில் பெட்ரோலால் இயங்கும் இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தார். அதில் இருக்கை இல்லை, கிளட்ச் இல்லை. பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிச் சுழற்றினால்தான் இயந்திரம் உயிர்பெறும். எனினும் பெட்ரோலைக் கொண்டு ஒரு வண்டியை நகர்த்தும் முயற்சிகளுள் அது மிகப் பழையவற்றில் ஒன்று.

அவரது இரண்டாவது வண்டி முழுமையான ஊர்தி. நான்கு சக்கரங்கள், திசைதிருப்பும் அமைப்பு, ஒற்றை உருளை கொண்ட நான்கு வீச்சு இயந்திரம், சுழலும் தூரிகையால் பெட்ரோலைத் தெளித்துக் காற்றுடன் கலக்கும் கார்புரேட்டர், மேக்னெட்டோ பற்றவைப்பு ஆகியன அதில் இருந்தன. இன்றும் வியன்னா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் அவ்வண்டியைக் காணலாம். அது 1875இல் செய்யப்பட்டது என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அந்த ஆண்டு சரியென்றால், பென்ஸின் 1886ஆம் ஆண்டுக் காப்புரிமைக்குப் பதினோராண்டுகள் முந்தியது அவ்வண்டி. முதன்மை மார்க்குஸுக்கே உரியது.

1938இல் ஆஸ்திரியா ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டதும், வியன்னா தொழில்நுட்ப உயர்கல்லூரியின் முன் நின்ற மார்க்குஸின் சிலை அகற்றப்பட்டது. இரண்டாண்டுகள் கழித்து அந்தக் கடிதம் வந்தது. கல்லில் இருந்த பெயரும் காகிதத்தில் இருந்த பெயரும் ஒரே நோக்கத்துடன் நீக்கப்பட்டன. போர் முடிந்தபின், 1948இல் சிலை மீண்டும் நிறுவப்பட்டது.

இவ்வரலாறு பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்தப்படுகிறது. ஆனால் இதற்குப் பின்னும் ஒரு பகுதி உண்டு. போருக்குப் பிந்தைய ஆய்வாளர்கள் அந்த வண்டியைத் தயாரித்த மொராவியத் தொழிற்சாலையின் ஆவணங்களை ஆராய்ந்தனர். இரண்டாவது வண்டி 1888-89 காலத்தில் செய்யப்பட்டது என்பது தெரியவந்தது. அதாவது 1875 என்னும் ஆண்டு பிழை. பென்ஸ் தமது மூன்று சக்கர ஊர்திக்கு 1886 ஜனவரி 29 அன்றே 37435 என்ற எண்ணுள்ள காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். அவ்வாண்டு ஜூலையில் மன்ஹைம் நகரத் தெருவில் அது மக்கள் முன் ஓடியது. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா தம் இரு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கும் மேலாகப் பயணம் செய்து அதன் பயன்பாட்டை மெய்ப்பித்தார்.

அப்படியானால் நாஜி அமைச்சகம் சரியாகத்தான் சொன்னதா? இல்லை. அந்தக் கடிதத்தை எழுதியவர்கள் தொழிற்சாலை ஆவணம் எதையும் ஆராயவில்லை. பொறியாளரின் பிறப்பை மட்டுமே பார்த்தார்கள். ஆண்டை ஆய்வு திருத்தியது. பெயரை வெறுப்பு நீக்கியது. இரண்டின் முடிவும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஆனால் ஆய்வு 1870ஆம் ஆண்டுக் கைவண்டியையும், மேக்னெட்டோவையும், தூரிகைக் கார்புரேட்டரையும் மார்க்குஸின் பெயரிலேயே விட்டுவைத்தது. ஆணையோ மனிதரையே இல்லாமல் ஆக்க முயன்றது.

‘முதல்’ என்ற சொல்லின் இயல்பும் இங்கே கருதத்தக்கது. தானே நகரும் ஊர்தி எதுவானாலும் கார் எனக் கொண்டால், பிரான்சின் குஞோ 1769இல் செய்த நீராவி வண்டிதான் முதல். உள்ளெரி இயந்திரம் வேண்டுமெனில் 1860களில் லெனுவார் செய்தது முன்னே நிற்கும். பெட்ரோல் வேண்டுமெனில் மார்க்குஸின் கைவண்டி. இயந்திரமும் வண்டியும் ஒன்றாகவே வடிவமைக்கப்பட்டு, விற்பனைக்கும் வந்திருக்க வேண்டுமெனில் பென்ஸ். பென்ஸின் காப்புரிமைத் தலைப்பில்கூடக் கார் என்ற சொல் இல்லை. ‘வாயு இயந்திரத்தால் இயங்கும் ஊர்தி’ என்றே இருக்கிறது. வரையறையைத் தேர்ந்தெடுப்பவர் முதல்வரையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார்.

வினாடி வினாப் போட்டியில் இக்கேள்விக்கு ஒற்றைப் பெயர் போதும். கலைக்களஞ்சியத்துக்குப் போதாது. எந்த வரையறையின்படி, எந்தச் சான்றின்படி என்று சொல்லும் பொறுப்பு அதற்கு உண்டு. அந்தப் பொறுப்பை ஓர் அமைச்சகத்திடம் ஒப்படைத்தால் என்ன நேரும் என்பதற்கு 1940ஆம் ஆண்டின் அந்தக் கடிதமே சாட்சி.