பாரத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே: கிள்ளான் பள்ளத்தாக்கில் அரசு உதவியும் பொது இயக்கங்களும்

ஐக்கிய நாடுகள் சபையின் கடும் வறுமைக்கான சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் 2019 ஆகஸ்டில் மலேசியா வந்தபோது, நாட்டில் வறுமை 0.4 விழுக்காடே என்ற அரசுக் கணக்கை ஏற்க மறுத்தார். மாதம் 980 ரிங்கிட் இருந்தால் ஒரு குடும்பம் ஏழையில்லை என்ற அளவுகோலில் பிறந்த கணக்கு அது. முதலில் தன் கணக்கை நியாயப்படுத்திய புத்ராஜெயா, 2020 ஜூலையில் வறுமைக் கோட்டை 2,208 ரிங்கிட்டுக்கு உயர்த்தியது. உடனே 2019க்கான வறுமை விகிதம் 5.6 விழுக்காடாயிற்று, ஏழைக் குடும்பங்களின் எண்ணிக்கை 4 லட்சத்தைத் தாண்டியது.

கோடு திருத்தப்பட்டதால் ஏழைகள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். ஆனால் அவர்களில் எத்தனை பேர் உதவி கேட்டு அலுவலக முகப்பு வரை வந்து சேர்கிறார்கள் என்பது வேறு கேள்வி. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று பெரிய குறை உதவித் திட்டங்களின் எண்ணிக்கையில் இல்லை, ஏழைகளுக்கும் உதவிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இடைவெளிக்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டத் துண்டாடலில் தொழிலாளர்கள் வேலையிழப்பதைத் தடுக்கவே 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கிய அந்த முயற்சியால் பின்னாளில் தோட்டங்கள் நகரியங்களாக மாறிய அலையை நிறுத்த முடியவில்லை. கிள்ளானின் புக்கிட் ராஜா தோட்டம் இன்று பண்டார் புக்கிட் ராஜா என்ற நகரியம். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடு தோட்ட நிர்வாகத்தின் சொத்து. வேலை போனால் வீடும் போகும். அத்துடன் தோட்டக் கோயிலும், தமிழ்ப்பள்ளியும், ஒருவரையொருவர் அறிந்த அக்கம்பக்கமும் போயின. யாருக்கு என்ன கஷ்டம் என்று சொல்லாமலே தெரிந்திருந்த ஒரு சமூக ஏற்பாடு கலைந்து, குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளில் சிதறின.

அந்த அடுக்குமாடிகளின் நிலையை யூனிசெஃப் 2018இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கோலாலம்பூர் வட்டாரத்து மலிவு அடுக்குமாடிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். இரட்டைக் கோபுரம் தெரியும் தூரத்தில் வளரும் எல்லா இனத்துப் பிள்ளைகளும் இதில் அடக்கம்.

உதவி இல்லாமல் இல்லை. 1946இல் அமைந்த சமூக நலத்துறை முதியோருக்கும், உடற்குறையுள்ளோருக்கும், வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் மாதந்தோறும் பணம் தருகிறது. ரஹ்மா ரொக்க உதவி தனியே இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் வயது வந்த குடிமக்கள் எல்லாருக்கும் அடையாள அட்டை வழியே 100 ரிங்கிட் வழங்கப்பட்டது.

ஆனால் அட்டையே இல்லாதவர்? தோட்டத்தில் பதியாமல் நடந்த திருமணம், பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட பிள்ளை, அந்தப் பிள்ளை வளர்ந்து பெற்ற பிள்ளை என ஆவணமின்மை தலைமுறை தாண்டுகிறது. பத்திரம் இல்லையென்றால் அட்டை இல்லை. அட்டை இல்லையென்றால் வங்கிக் கணக்கும் நிரந்தர வேலையும் எட்டாது. 2011இல் நடந்த மைடஃப்தார் இயக்கத்தில் பொது இயக்கங்களும் தேசியப் பதிவு இலாகாவும் கைகோத்து இத்தகைய இந்தியர்களைத் தேடிப் பதிந்தன. தன்னார்வலர் ஆளைக் கண்டுபிடித்தார், அதிகாரி பத்திரத்துக்கு வழிசெய்தார். கூட்டுறவு இப்படித்தான் அமைய வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் இன்னும் பழைய சான்று இருக்கிறது. சமூக நலத்துறையின் முன்முயற்சியோடு 1951இல் உருவான மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இன்றும் அங்கே இயங்குகிறது. தொழிற்பயிற்சியைத் தன் பணியாக வைத்துக்கொண்டது. அந்த வட்டாரத்தில் பார்வையற்றோர் நடத்தும் உடம்புப்பிடி நிலையங்கள், தொழிலோடு சேர்ந்தால்தான் உதவி நிலைக்கும் என்பதைக் காட்டுகின்றன. யாருக்காக இயங்குகிறோம் என்ற தெளிவும், பல பத்தாண்டுத் தொடர்ச்சியும் அந்தச் சங்கத்தின் பலம்.

இந்தியச் சமூக மேம்பாட்டுக்கான அரசு அமைப்பான மித்ராவின் கதை வேறு. 2014இல் செடிக் என்ற பெயரில் தொடங்கி 2018இல் பெயர் மாறிய இந்த அமைப்புக்கு ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டு வந்தது. மானியம் இயக்கங்களின் வழியே ஆண்டுத் திட்டங்களாகப் பிரிந்து போனது. 2021இல் மானிய முறைகேட்டுப் புகார்களை ஊழல் தடுப்பு ஆணையம் விசாரிக்க நேர்ந்தது. தனிமனித நேர்மை ஒருபுறமிருக்க, ஆண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்துக் கணக்குக் காட்டும் முறை பட்டறைகளையும் நிகழ்ச்சிகளையும் பெருக்கும். ஒரு குடும்பத்தை மூன்றாண்டு பின்தொடரும் பொறுமைக்கு அதில் இடமில்லை. ஸ்ரீ முருகன் நிலையம் 1982 முதல் மாணவர்களிடையே செய்துவரும் கல்விப் பணி ஓராண்டுத் திட்டமாக இருந்திருந்தால் வேர்விட்டிருக்காது.

அரசே நேரடியாகச் செய்யட்டும், இடையில் இயக்கங்கள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2021 ஜூலையில் ஊரடங்கின்போது உணவில்லாத வீடுகள் வெள்ளைக் கொடி கட்டியதையும், முதலில் அக்கம்பக்கத்தினரே பொட்டலங்களோடு ஓடியதையும் அவர்கள் நினைத்துப் பார்க்கலாம். அதே சமயம், அக்கம்பக்கத்தின் ஈகை மாதாந்திர உதவித்தொகை ஆகிவிடாது. அந்தப் பொறுப்பை இயக்கங்களின் தலையில் கட்டிவிட்டு அரசு ஒதுங்கக் கூடாது.

எனவே மூன்று மாற்றங்கள் தேவை. மானியம் ஓராண்டுக்குப் பதில் மூன்றாண்டு ஒப்பந்தமாக வேண்டும். வீடு வீடாகச் சென்று பாரம் நிரப்பி, பத்திரம் எடுத்துக்கொடுக்கும் களப்பணியாளரின் சம்பளத்துக்கு அதில் இடம் வேண்டும். எத்தனை நிகழ்ச்சி நடந்தது என்பதை விட்டு, எத்தனை குடும்பங்கள் உதவி பெற்றன, எத்தனை பேர் அடையாள அட்டை பெற்றனர் என்ற விவரத்தை ஒவ்வோர் இயக்கமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் மித்ராவின் ஒதுக்கீட்டை விவாதிக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தொகையைக் கேட்பதோடு நிற்காமல், இந்த விவரத்தையும் கேட்க வேண்டும்.